பங்குனி, சித்திரையில் ஊர்க் கவியரங்கமும் பொது உரையும்: நெல்லைச் சீமைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நெல்லைப் பக்கம் கவியரங்கம் எடுக்கப் புதிதாக முனைகிறவர்கள் பெரும்பாலும் அழைப்பிதழில்தான் தொடங்குகிறார்கள். தலைமை யார், முன்னிலை யார், வாழ்த்துரை யார் என்று பெயர்கள் முதலில் நிரம்பிவிடுகின்றன. என்ன கவிதை, யார் காதில் அது விழப்போகிறது என்பதெல்லாம் கடைசி வாரத்துக்குத் தள்ளப்படுகிறது. விளைவு எல்லா ஊரிலும் ஒன்றுதான்: இரவு எட்டரை மணிக்கு, பாதி நாற்காலி காலியான பிறகு, கல்லூரி மாணவி ஒருத்தி தன் கவிதையை ஓட்டமாக வாசித்துவிட்டு இறங்கிப்போகிறாள். அவளுக்கு அந்த மேடை திரும்ப ஒரு வருடம் கழித்துத்தான் கிடைக்கும்.

இங்கே சொல்லும் வரிசை அதைத் தலைகீழாக்குகிறது. பாட்டு முதலில், நாளும் இடமும் அடுத்து, ஒலி அதற்கடுத்து, பெயர்கள் கடைசியில். கணக்குகள் எல்லாம் 100 பேர் வரக்கூடிய, பத்துக் கவிஞர்களும் ஒரு பொது உரையும் கொண்ட, ஒரே மாலையில் முடிகிற நிகழ்ச்சிக்கு உரியவை. எட்டு வாரம் முன்னால் தொடங்குங்கள்.

தொடங்குமுன் நான்கு பேர் வேண்டும். கவிதைகளுக்கு ஒருவர், இடத்துக்கும் ஒலிக்கும் ஒருவர், பணத்துக்கும் உணவுக்கும் ஒருவர், நேரத்துக்கு ஒருவர். நேரம் பார்ப்பவர் கவிதை வாசிக்கக் கூடாது, மேடையிலும் உட்காரக் கூடாது. மேடையில் இருப்பவரால் பெரியவர் ஒருவரை நிறுத்தச் சொல்ல முடியாது. எதிரே, கீழே, கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பவரால்தான் முடியும்.

1. ஒரு பாட்டும் ஒரு கேள்வியும்

“தமிழின் பெருமை”, “நதியே நீ வாழ்க” போன்ற தலைப்பு கொடுத்தால் பத்துப் பேரும் ஒரே கவிதையைப் பத்து விதமாக எழுதி வருவார்கள். தலைப்புக்குப் பதிலாக ஒரு பழம்பாட்டைக் கையில் எடுங்கள். அந்தப் பாட்டிலிருந்து ஒரு கேள்வியைப் பிரித்தெடுங்கள். கவியரங்கத்துக்கும் உரைக்கும் அந்த ஒரே கேள்வி போதும். மாலை முழுவதும் ஒரே சரட்டில் நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. உழவர் வாழ்வைப் பாடும் பழைய நூலான முக்கூடற்பள்ளில் மழைக்குறி சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. மலையாள மின்னலும் ஈழ மின்னலும் சூழ மின்னுவதாகச் சொல்கிறது. ஏன் இரண்டு திசை? தாமிரபரணி தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் வாங்கும் ஆறு. அந்த உழவர்களின் கண் இரண்டு அடிவானத்தையும் பார்த்துப் பழகியது. “மழை எந்தப் பக்கமிருந்து வரும்?” என்பதைக் கேள்வியாக வைத்தால் விவசாயிக்கும் கவிஞருக்கும் புவியியல் ஆசிரியருக்கும் சொல்ல ஒன்று இருக்கும்.

இதே பாட்டில் ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. பள்ளில் வரும் முக்கூடல், சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு சிற்றாறு முதலான ஆறுகள் கூடுமிடம். சேரன்மகாதேவி வட்டத்தில் இருக்கும் முக்கூடல் பேரூர் வேறு. துண்டறிக்கையில் அந்த ஊரின் படத்தைப் போட்டுவிட்டால், கூட்டத்தில் தெரிந்தவர் ஒருவர் எழுந்து திருத்துவார். உரையாளர் பேச வந்த விஷயம் அதோடு திசைமாறும். இட விவரத்தை அச்சுக்கு முன்பே சரிபாருங்கள்.

வேறு பாட்டுகளுக்கும் இந்தச் சீமையில் பஞ்சமில்லை. குற்றாலத்துக்கு மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சி, கழுகுமலைக்கு அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து, எட்டயபுரத்துக்கு உமறுப்புலவரும் பாரதியும், ஆழ்வார்திருநகரிக்கு நம்மாழ்வார், ஸ்ரீவைகுண்டத்துக்குக் குமரகுருபரர், பாளையங்கோட்டைப் பக்கம் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. விழா நடக்கும் இடத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் பாட்டாக எடுப்பது நல்லது. வருகிறவர்கள் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். பாட்டு பாதி புரிந்த நிலையிலேயே வந்து உட்காருவார்கள்.

2. நாள்

உலகக் கவிதை நாள் மார்ச் 21. யுனெஸ்கோ 1999-ல் அறிவித்தது. வெளிநாடுகளில் வசந்தத்தை ஒட்டிக் கவிதை விழா எடுக்கும் வழக்கம் அந்தக் காலத்தை ஒட்டியே இருக்கிறது. நம் கணக்கில் மாசி, பங்குனி பின்பனி. இளவேனில் சித்திரையில்தான் தொடங்கும். மார்ச் 21 பங்குனி முதல் வாரத்தில் விழுகிறது. நாளுக்காக நாளைப் பிடித்தால் நெல்லையில் பல முட்டுக்கட்டைகள் உண்டு.

முதலாவது, பொதுத்தேர்வு. மார்ச் மாதம் முழுக்கப் பிளஸ் டூ, அதன் தொடர்ச்சியாகப் பத்தாம் வகுப்பு. மாணவர் வர மாட்டார்கள், தமிழாசிரியர் தேர்வுப் பணியில் இருப்பார், பள்ளி வளாகமும் கிடைக்காது. இரண்டாவது, பங்குனி உத்திரம். அன்று நெல்லைச் சீமையின் பாதிக் குடும்பம் சாஸ்தா கோயிலில் இருக்கும். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் ஊருக்கு வருகிறார்களே, கூட்டம் சேருமே என்று அதை ஒட்டி நாள் வைப்பவர்கள் உண்டு. வருகிறவர்கள் கோயிலுக்கு வருகிறார்கள், கவியரங்கத்துக்கு இல்லை. மூன்றாவது, கொடை என்னும் ஊர்க் கோயில் திருவிழா. சித்திரை, வைகாசியில் ஊருக்கு ஊர் அம்மன் கோயில், சுடலைமாடன் கோயில் கொடை நடக்கும். பக்கத்துத் தெருவில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தால் உங்கள் மைக் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. சுற்றிலும் உள்ள கோயில்களின் கொடைத் தேதியை நேரில் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இவற்றோடு முகூர்த்த நாள் பார்க்க வேண்டும். அன்று பந்தல்காரரும் மைக் செட்டும் கிடைக்காது. பாளையங்கோட்டையில் புனித வாரத்தையும், மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் ரமலானில் நோன்பு திறக்கும் மாலை நேரத்தையும் தவிருங்கள். தேர்தல் ஆண்டானால் நடத்தை விதி அமலில் இருக்கும். அனுமதி கேட்கும் இடமே மாறிவிடும்.

இத்தனையும் கழித்தால், சித்திரைப் பிறப்புக்கு அடுத்து வரும் சனிக்கிழமை மாலைதான் பெரும்பாலும் மிஞ்சும். பாவேந்தர் பிறந்த ஏப்ரல் 29-ஐ ஒட்டி வைப்பதும் பொருத்தமே. 2025-ல் தமிழக அரசு அந்த நாளிலிருந்து மே 5 வரை தமிழ் வாரமாக அறிவித்தது. ஆனால் மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிடும். ஓட்டுக்கூரை மண்டபம் என்றால் அந்த வாரத்தை விட்டுவிடலாம்.

நாள் முடிவானதும் மாற்று நாள் ஒன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கம் சித்திரையில் பிற்பகலுக்கு மேல் இடியோடு கோடைமழை வரும்.

3. இடம்

நூலகக் கூடம், அருங்காட்சியக வளாகம், கல்லூரி அரங்கு, பள்ளிக் கூடம், கோயில் மண்டபம், படித்துறை. ஆசை படித்துறையைத்தான் சொல்லும். தொடங்குபவர்களுக்கு அது வேண்டாம். ஆற்றங்கரைக் காற்று மைக்கில் இரையும், மின்சாரம் தொலைவிலிருந்து இழுக்க வேண்டும், இருட்டிய பிறகு முதியவர்களால் படி ஏற முடியாது. இரண்டு மூன்று வருடம் கூடத்தில் நடத்திப் பழகிய பிறகு போகலாம்.

கூடத்தைப் பார்க்கப் போகும்போது பகல் 12 மணிக்குப் போகாதீர்கள். நிகழ்ச்சி நடக்கும் அதே மாலை 5.30 மணிக்குப் போங்கள். மேற்குச் சன்னல் வெயில் மேடையில் விழுகிறதா, பேருந்து ஹாரன் எவ்வளவு கேட்கிறது, மின்விசிறி எத்தனை, அவை கடகடக்கின்றனவா என்பது அப்போதுதான் தெரியும். கடகடக்கும் விசிறி கவிதைக்குப் பெரிய பகை. சத்தமுள்ளவற்றைக் குறித்து வைத்து, அன்று அவற்றை நிறுத்திவிட்டு, தரையில் நிற்கும் விசிறியை வாடகைக்கு எடுத்து வையுங்கள்.

கைதட்டிப் பாருங்கள். ஓசை சுவரில் மோதித் திரும்பி நீண்டால், அந்தக் கூடத்தில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பின்சுவரில் துணித்திரை தொங்கவிட்டால் பாதி குறையும். 100 பேருக்கு 80 நாற்காலி போடுங்கள், 30-ஐ ஓரத்தில் அடுக்கி வையுங்கள். காலி நாற்காலி வாசிப்பவரின் குரலைத் தாழ்த்திவிடும்.

பெண்களுக்கான கழிப்பறை திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, சாவி யாரிடம் என்று முதல் நாளே கேளுங்கள். பல ஊர்களில் பெண்கள் பாதியில் கிளம்புவதற்கு இதுதான் காரணம்; யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

4. உரையாளர்

பொது உரை என்பது ஆய்வரங்கக் கட்டுரை இல்லை, பட்டிமன்றமும் இல்லை. தெரிந்தவர் ஒருவர், ஊர் மக்களுக்கு, ஒரு கேள்வியைக் கூர்மையாக விளக்குவது. ஆறு வாரம் முன்னால் அழைக்கும்போதே மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: பேச்சு 35 நிமிடம், கேள்விகள் 20 நிமிடம், விழாவுக்கு எடுத்த பாட்டு பேச்சில் கட்டாயம் வர வேண்டும். “எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்க ஐயா” என்பது மரியாதைபோலத் தோன்றும். அப்படி அழைத்தால் அவர் ஏற்கெனவே நாற்பது மேடையில் பேசியதையே பேசுவார்.

உரைக்கு ஒரு பொருள் கையில் இருந்தால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். தாமிரபரணியின் அணைக்கட்டுகளைக் காட்டும் பெரிய வரைபடம், பழைய வட்டெழுத்துக் கல்வெட்டின்மேல் மை ஒற்றி எடுத்த மசிப்படியின் நகல், பனையோலையும் எழுத்தாணியும் என எதுவானாலும் சரி. ஆனால் ஆதிச்சநல்லூர், சிவகளை போன்ற அகழாய்வு இடங்களில் கிடந்த பானை ஓட்டையோ தாழித் துண்டையோ யாரும் கொண்டுவர விடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து எடுப்பது சட்டப்படி குற்றம். எடுத்த துண்டு அதன் மண்ணடுக்கை இழந்துவிடுவதால் ஆய்வுக்கும் உதவாது. படம் போதும்.

படம் திரையிடுவதானால் நெல்லையில் இந்த மாதங்களில் சூரியன் மறைவது ஏறத்தாழ மாலை 6.30. திறந்த சன்னல் கூடத்தில் 6.45-க்கு முன் திரையில் எதுவும் தெரியாது. ஆகவே கவியரங்கம் முன்னால், உரை பின்னால். “முக்கியமானவர் முதலில் பேசட்டும்” என்று மாற்றினால் படமும் தெரியாது, அவர் கிளம்பும்போது கூட்டமும் கிளம்பும்.

5. கவிதைகளைக் கையில் வாங்குவது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: விழாவுக்கு 15 நாள் முன்னால் எல்லாக் கவிதைகளும் எழுத்தில் உங்களிடம் வந்திருக்க வேண்டும்.

பெயரைக் கேட்டு அழைக்காதீர்கள், கவிதையைக் கேட்டு அழையுங்கள். ஆறு வாரம் முன்னால் அறிவிப்பு விடுங்கள். அதில் எடுத்த பாட்டு முழுதாக, பொருளோடு இருக்கட்டும். அதன் கேள்வி, 24 வரிக்கு மேற்படாமல் ஒரு கவிதை, அனுப்பக் கடைசி நாள், வாசிப்பு 4 நிமிடம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். தனிமனிதப் புகழ்ச்சி, சாதிப் புகழ்ச்சி, கட்சிப் பரப்புரை ஏற்கப்படாது என்பதையும் அதிலேயே அச்சிடுங்கள். பின்னால் ஒருவரிடம் மட்டும் சொன்னால் அது அவரைக் குறிவைத்ததாகிவிடும். முன்னால் எல்லோருக்கும் சொன்னால் விதி. நம் பகுதியில் இதில் தயக்கம் காட்டக் கூடாது. ஒரே ஒரு வரி போதும், ஊரைப் பிரிக்க.

பத்து இடத்தில் ஆறைத் தெரிந்த கவிஞர்களுக்கும் நான்கைப் புதியவர்களுக்கும் ஒதுக்குங்கள். புதியவர் நால்வரில் இருவராவது 25 வயதுக்கு உட்பட்டவர்களாக இருக்கட்டும். பீடி சுற்றுபவர், பனையேறி, தீப்பெட்டி ஆலையில் வேலை பார்ப்பவர் எழுதுகிறார் என்று தெரிந்தால் துண்டறிக்கையை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். சுவரில் ஒட்டிய அறிவிப்பு, ஏற்கெனவே மேடை தெரிந்தவர்களைத்தான் எட்டும்.

வந்து சேரும் கவிதைகளில் மூன்று பழுதுகள் தவறாமல் இருக்கும்.

எழுத்துரு: பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பினால் உங்கள் கணினியில் குறியீடுகளாகத் திறக்கும். யுனிகோடில் அனுப்பச் சொல்லுங்கள், முடியாதவரிடம் கையெழுத்துப் படியின் படம் வாங்கி நீங்களே தட்டச்சு செய்யுங்கள். எப்படியானாலும் அவரிடம் ஒருமுறை திருப்பிக் காட்டுங்கள்.

வரிப்பிளவு: வாட்ஸ்அப்பில் வரும்போது வரிகள் ஒட்டிக்கொள்ளும், அல்லது சின்னத் திரையில் உடைந்ததே வரி என்று நினைத்து அச்சாகும். வரி எங்கே முடிகிறது என்பது கவிதையில் பாதி. தொலைபேசியில் அவரை வாசிக்கச் சொல்லி, மூச்சு விடும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

யாருடையது: பாரதி பாடல் என்று சுற்றும் பலவற்றில் அவர் எழுதாதவை கலந்திருக்கின்றன. பழம்பாட்டு, மேற்கோள் எதுவானாலும் அச்சு நூலில் பார்த்து உறுதி செய்யுங்கள். பாரதியின் படைப்புகள் நாட்டுடைமை, தாராளமாக அச்சிடலாம். நாட்டுடைமை ஆகாத மற்றவர்களுடையது ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமைக்கு உட்பட்டது. அச்சிடவோ காணொளியாக ஏற்றவோ அனுமதி வாங்குங்கள்.

கவிதையை நீங்கள் திருத்த வேண்டாம். நீளம் கூடினால் மட்டும், எந்த வரிகளை விடலாம் என்று அவரிடமே கேளுங்கள். “வே”, “ஏல”, “அங்கன” என்று ஊர்ப்பேச்சில் வந்ததை எழுத்துத்தமிழாக மாற்றும் வேலையை யாராவது செய்ய முன்வருவார்கள், அதை அனுமதிக்காதீர்கள். அந்தக் கவிதைகளுக்காகத்தான் ஊரில் கவியரங்கம் வைக்கிறோம்.

எல்லாம் சேர்ந்ததும் கவிதைத்தாள் தயாரியுங்கள். முழுத்தாளை இரண்டாக மடித்தால் நான்கு பக்கம்; மூன்று தாளில் பன்னிரண்டு. எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது, 60 படி போதும். கையில் தாள் இருப்பவர் வாசிப்பவரின் உச்சரிப்பு மங்கினாலும் பின்தொடர்வார், வீட்டுக்கும் எடுத்துப்போவார்.

6. நேரக் கணக்கு

பழக்கமில்லாதவர்கள் “பத்துப் பேர், ஆளுக்கு நான்கு நிமிடம், நாற்பது நிமிடம்” என்று கணக்கிடுவார்கள். பெயரைச் சொல்லி, அவர் எழுந்து வந்து, கண்ணாடி மாட்டி, மைக்கைச் சரிசெய்ய ஒரு நிமிடம் ஆகும். ஆகவே ஆளுக்கு ஐந்து. கீழே உள்ளது சரியாக இரண்டரை மணி நேரம்.

5.30: தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு
5.35: எடுத்த பழம்பாட்டு, பாடியும் படித்தும்
5.45: கவியரங்கம், பத்துப் பேர்
6.35: இடைவேளை
6.50: பொது உரை
7.25: கேள்விகள்
7.45: திறந்த மேடை, நான்கு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம்
7.57: நன்றி
8.00: முடிவு

எட்டு மணி என்பது கிராமங்களுக்குப் போகும் பேருந்தை வைத்துக் குறித்தது. ஊருக்கான கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பேருந்து நிலையத்தில் கேட்டு, அதற்கு அரை மணி முன்னால் முடிவை வையுங்கள். தாமதமானால் முதலில் எழுந்து போவது பெண்களும் மாணவர்களும்தான்.

தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பர் அரசாணைப்படி மாநிலப் பாடல். முல்லைப்பாணி இராகத்தில் 55 வினாடி, மாற்றுத்திறனாளிகளைத் தவிர எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், பதிவு செய்த இசையைத் தவிர்த்து வாயால் பாட வேண்டும். அதை எழுதிய மனோன்மணீயம் சுந்தரனாரின் பெயரில் பல்கலைக்கழகமே இருக்கும் ஊரில் இதைச் செல்போனில் ஓடவிடுவது அழகில்லை. மூன்று பேரை நான்கு நாள் பழக்கினால் போதும்.

நேரத்தைத் தின்பது கவிதை இல்லை, பொன்னாடை. ஒருவரை அழைத்து, போர்த்தி, படம் எடுக்க ஒன்றரை நிமிடம். 15 பேருக்கு 22 நிமிடத்துக்கு மேல் ஆகும். நான்கு கவிஞர்களின் நேரம் அது. அவரவருக்கான நூலை உள்ளே வரும்போதே கையில் கொடுத்துவிடுங்கள். பெரியவர்கள் யாரும் இதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை, முன்கூட்டியே சொல்லியிருந்தால்.

7. ஒத்திகை

விழாவுக்கு முந்தைய ஞாயிறு, அதே கூடத்தில், மைக்கோடு ஒரு மணி நேரம். தெரிந்த கவிஞர்கள் வர மாட்டார்கள். புதியவர் நால்வரும் கட்டாயம் வர வேண்டும்.

அவர்கள் மூன்று இடத்தில் தடுக்குவார்கள். முன்னுரை நீளும், கவிதைக்கு முன் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். தாளைப் பார்த்தபடியே குனிந்து வாசிப்பார்கள், குரல் மைக்குக்குக் கீழே போய்விடும். தாளை மார்பு உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள், கெட்டி அட்டையில் ஒட்டினால் விசிறிக் காற்றில் படபடக்காது. மூன்றாவது, ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை சொல்லும் கவியரங்கப் பழக்கம். கைதட்டலுக்காகச் சொல்வதுபோல் ஆகி, கவிதையின் ஓட்டம் அறுந்துவிடும். கவிதை சிறியதானால் முழுக்க ஒருமுறை வாசித்து, ஒரு மூச்சு விட்டு, முழுக்க இன்னொரு முறை வாசிக்கட்டும். காதால் மட்டும் கேட்பவருக்கு எட்டு வரி முதல் தடவையில் பிடிபடாது. இரண்டாம் தடவையில்தான் உள்ளே இறங்கும்.

பழம்பாட்டை வாசிப்பவருக்குச் சந்தி பிரித்த படி ஒன்றும் மூலப்படி ஒன்றும் கொடுங்கள். பிரித்த படியில் பொருளைப் பிடித்துக்கொண்டு, மூலப்படியைப் பார்த்துப் பாட வேண்டும். பள்ளும் சிந்தும் பாடுவதற்கு எழுந்தவை. அவற்றைச் செய்திபோல் வாசித்தால் தாளம் செத்துவிடும். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சி. தம் வீட்டில் வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தை நடத்தியபோது பாட்டை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லியே சுவையைக் காட்டினார். அதற்கு மேல் ஒரு பாடமுறை கிடையாது.

வாசிப்பு வரிசையையும் ஒத்திகையிலேயே முடிவு செய்யுங்கள். பெரியவர்களை எல்லாம் கடைசிக்கு வைக்காதீர்கள். முதல் இடம் நிதானமான குரலுக்கு, இரண்டாவது புதியவருக்கு, பிறகு மாறி மாறி. முதலில் ஒரு புதியவரை நிறுத்தினால் நடுக்கம் கூட்டத்துக்கும் தொற்றும்.

8. ஒலி

கிடைக்கும் பணத்தில் முதல் பங்கு இதற்குத்தான். 100 பேர் கூடத்துக்கு இரண்டு பெட்டி ஸ்பீக்கர், மேடையில் இரண்டு மைக், கூட்டத்தில் சுற்ற ஒரு கார்ட்லெஸ். குழாய் வேண்டாம், அது தெருவுக்கு.

மைக் செட்டுக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது: “அண்ணாச்சி, எக்கோவை முழுசா நிறுத்திருங்க.” கோயில் கொடைக்கும் கல்யாணப் பாட்டுக்கும் எக்கோ வைத்துப் பழகிய கை அது. பேச்சுக்கு அதை விட்டுவைத்தால் ஒவ்வொரு சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் தலையில் விழும். அடுத்து அடித்தொனியைக் குறைக்கச் சொல்லுங்கள். கூடத்தில் குரல் குமுறுவது அதனால்தான்.

ஸ்பீக்கர் இரண்டும் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். மேடைக்குப் பின்னால் வைத்தால் அதன் ஓசையே மைக்கில் புகுந்து கீச்சிடும். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரற்கடை இடைவெளி. வல்லினம், அதிலும் “ப”, மைக்கில் குத்தும். மைக்கை நேராக வைக்காமல் சற்றே பக்கவாட்டில் சாய்த்தால் அது போய்விடும். கார்ட்லெஸ் மைக்குக்குப் புது பேட்டரியை நீங்களே வாங்கி வையுங்கள், ஒரு இணை கூடுதலாக.

வில்லுப்பாட்டை முன்னால் வைப்பதானால் மேடைக் கணக்கே மாறும். வில்லை நீளவாக்கில் கிடத்த அகலம் வேண்டும், குடத்துக்குத் தனி மைக் வேண்டும். அளவை வில்லுப்பாட்டுக் குழுவின் தலைவரான அண்ணாவியிடமே கேளுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அந்த நாளில் விழுகிறதா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கோடைமழை வந்தால் அறிவிப்பில்லாமலும் போகும். ஜெனரேட்டர் எடுத்தால் கூடத்தின் பின்புறம், சுவருக்கு அப்பால் நிறுத்துங்கள்.

9. அனுமதி

உள்ளூர்க் காவல் நிலையத்தில் பத்து நாள் முன்னால் எழுத்தில் கொடுங்கள்: நாள், நேரம், இடம், எதிர்பார்க்கும் கூட்டம், ஒலிபெருக்கி விவரம். ஒப்புகை முத்திரையோடு ஒரு படி வாங்கி வையுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. மருத்துவமனை, கல்வி நிலையம், நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. இடம் பார்க்கும்போதே இதைக் கணக்கில் எடுங்கள். கோயில் மண்டபம் என்றால் அறநிலையத்துறைச் செயல் அலுவலரிடம் தனிக் கடிதம். சாலையோரப் பேனருக்கு உள்ளாட்சி அனுமதி தேவை. வாசலில் ஒரு துணிப்பதாகை போதும்.

10. இப்போது அழைப்பிதழ்

கவிதைகள் கையில் வந்து, நேரம் முடிவாகி, அனுமதி கேட்ட பிறகுதான் அச்சுக்குப் போக வேண்டும். ஏனென்றால் அழைப்பிதழ் ஒரு வாக்குறுதி. இருபது பெயரை அச்சிட்டால் இருபது பேருக்கும் மைக் கொடுத்தாக வேண்டும்.

அதில் எடுத்த பாட்டின் இரண்டு வரி, கேள்வி, உரையாளர், பத்துக் கவிஞர்கள், தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பவை இருக்கட்டும். முன்னிலை, வாழ்த்துரை வேண்டாம். பெரியவர் ஒருவரைக் கௌரவிக்க வேண்டுமென்றால் பழம்பாட்டை வாசிக்கும் இடத்தை அவருக்குக் கொடுங்கள். வெறும் வாழ்த்துரையைவிட அது பெரிய மரியாதை, அவரும் அதை உணர்வார்.

11. நீர், மோர், சுண்டல்

20 லிட்டர் தண்ணீர் கேன் நான்கு. உள்ளே வரும்போது மோர்: தயிர் 5 லிட்டர், தண்ணீர் 15 லிட்டர், உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை, ஆளுக்கு 200 மில்லி வீதம் 100 பேருக்குச் சரியாக வரும். இடைவேளைக்குக் கொண்டைக்கடலை 4 கிலோ ஊறவைத்தால் வெந்தபின் இரு மடங்காகும், போதும்.

பருவம் பதநீர்ப் பருவம்தான். ஆனால் விடியலில் இறக்கிய பதநீர் மாலைக்குள் புளித்துவிடும், வேண்டாம். பொட்டலமிட்ட சேவு, மிக்சரும் வேண்டாம். உரை நடக்கும்போது தாள் சலசலக்கும்.

12. அன்று மாலை

நான்கு மணிக்குக் குழு அங்கே இருக்க வேண்டும். நான்கரைக்குள் ஒலிச் சோதனை: ஒருவர் மேடையில் கவிதை வாசிக்க, இன்னொருவர் கடைசி வரிசையிலும் இரு ஓரங்களிலும் உட்கார்ந்து கேளுங்கள். “ஹலோ, செக்” சொல்லிப் பார்ப்பது எதையும் காட்டாது. கூட்டம் நிறைந்ததும் ஓசை அமுங்கும், சற்றே கூட்டி வையுங்கள்.

5.30-க்கு இருபது பேர் இருந்தாலும் தொடங்குங்கள். ஒருமுறை காத்திருந்தால் அடுத்த ஆண்டு எல்லோரும் ஆறு மணிக்குத்தான் வருவார்கள்.

நேரம் பார்ப்பவர் முதல் வரிசையில், மூன்றாம் நிமிட முடிவில் மஞ்சள் அட்டை, நான்கில் சிவப்பு. சிவப்புக்குப் பிறகும் “இன்னும் ஒண்ணே ஒண்ணு” என்று ஒரு குரல் வரும். தொகுப்பவர் எழுந்து பக்கத்தில் போய் நின்று கைகூப்பினால் போதும், பேச வேண்டியதில்லை. முதல் ஆளிடம் விட்டுக்கொடுத்தால் பத்தாம் ஆளின் நேரம் போய்விடும். அந்தப் பத்தாம் ஆள் பெரும்பாலும் பேருந்துக்குப் போக வேண்டிய இளைஞராகத்தான் இருப்பார்.

கேள்வி நேரத்தில் முதல் கேள்வியைக் கேட்கும்படி ஒரு மாணவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். முதல் மைக் ஒரு பெரியவர் கையில் போனால், அது கேள்வியாக இல்லாமல் இரண்டாம் உரையாக மாறக்கூடும். கூட்ட மைக்கைக் கேட்பவர் கையில் கொடுக்காமல் தொண்டரே பிடித்திருக்கட்டும்.

திறந்த மேடைக்கு வாசலில் தாள் வையுங்கள், 6.35 இடைவேளையில் மூடிவிடுங்கள். நான்குக்கு மேல் பெயர் இருந்தால் சீட்டுக் குலுக்குங்கள்.

ஆறு மணி, ஏழு மணி, ஏழே முக்கால் என்று மூன்று முறை உட்கார்ந்திருப்பவர்களை எண்ணி எழுதுங்கள். எந்தப் பகுதியில் கூட்டம் கரைந்தது என்பதை நினைவு சரியாகச் சொல்லாது, எண்ணிக்கை சொல்லும்.

13. மறு வாரம்

ஒலிப்பதிவைக் கவிஞர்களுக்கு அனுப்பி, ஒப்புதல் வந்தவற்றை மட்டும் வெளியிடுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். கவிதைத்தாளில் இரண்டு படியை உள்ளூர் நூலகத்துக்குக் கொடுங்கள், பத்து வருடம் கழித்து ஒருவர் தேடி வரலாம்.

வரவு செலவை ஒரே பக்கத்தில் எழுதி, பணம் கொடுத்த எல்லோருக்கும் அனுப்புங்கள். பிறகு அடுத்த ஆண்டுக்கான பாட்டை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். எல்லோருக்கும் அந்த மாலை இன்னும் நினைவில் இருக்கும். அதைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, எந்த விசிறி கடகடத்தது, எந்தப் பேருந்து சீக்கிரம் போய்விட்டது என்பதையும் கீழே குறித்து வையுங்கள்.